டோவர் கோட்டை

டோவர் கோட்டை இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் பகுதியில், ஆங்கிலக் கால்வாயை நோக்கிய வெண்ணிறச் சுண்ணப்பாறைக் குன்றின் மேல் அமைந்துள்ளது. இங்கிலாந்துக்கும் ஐரோப்பியப் பெருநிலத்துக்கும் இடையே கடல் மிகவும் குறுகுவது இவ்விடத்தில்தான். எதிர்க்கரையில் உள்ள பிரான்சு ஏறக்குறைய 33 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் கோட்டை மதில் மீது நின்றால் அக்கரை வெறும் கண்ணுக்கே தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான மத்தேயு பாரிஸ் இக்கோட்டையை இங்கிலாந்தின் திறவுகோல் என்று குறித்தார். அந்தப் பெயர் இன்றுவரை அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய கோட்டைகளுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு நூற்றாண்டில் பயனிழந்து, கூரை சரிந்து, கொடி படர்ந்த இடிபாடுகளாக நிற்பவை. டோவர் அவ்வாறு ஆகவில்லை. 1066 முதல் 1950-கள் வரை ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் இங்கே படைவீரர்கள் இருந்தனர். இந்தத் தொடர்ந்த பயன்பாடுதான் கோட்டையைக் காப்பாற்றியது. அதன் பழைய உருவத்தைப் பல இடங்களில் சிதைத்ததும் இதே பயன்பாடுதான்.

கோட்டைக்கு முந்தைய குன்று

குன்றின் உச்சியில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடம் உரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் ஆகும். உரோமானியர் டோவரை துப்ரிஸ் என்று அழைத்தனர். அவர்களுடைய பிரித்தானியக் கடற்படைக்கு இது ஒரு முக்கியத் துறைமுகமாக இருந்தது. துறைமுகத்தின் இருபுறக் குன்றுகளிலும் ஒவ்வொரு விளக்குக் கோபுரம் கட்டப்பட்டது. மேற்குக் குன்றில் இருந்தது அழிந்து அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. கிழக்குக் குன்றில் உள்ளது எண்கோண வடிவில் இன்றும் சுமார் 19 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதில் கீழ்ப்பகுதியான 13 மீட்டர் உரோமானியர் கட்டியது, மேற்பகுதி இடைக்காலத்தில் சேர்க்கப்பட்டது. கடற்கல்லுக்கு இடையிடையே சிவந்த செங்கல் ஓட்டு வரிசைகள் வைத்துக் கட்டும் உரோமானிய முறையை அதில் தெளிவாகக் காணலாம்.

அதன் அருகிலேயே ஒட்டினாற்போல் ஒரு தேவாலயம் நிற்கிறது. புனித மரியாள் பெயரால் அமைந்த இத்தேவாலயம் கி.பி. 1000 அளவில் ஆங்கிலோ-சாக்சனியர் கட்டியது. சுற்றிலும் சிதறிக் கிடந்த உரோமானியச் செங்கற்களையே எடுத்து அதன் வாயில் வளைவுகளில் பதித்துள்ளனர். பழைய விளக்குக் கோபுரத்தை மணிக்கூண்டாகப் பயன்படுத்திக்கொண்டனர். ஒரு காலத்தவர் விட்டுச் சென்றதை அடுத்த காலத்தவர் எடுத்து வேறொன்றாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் இக்குன்றில் அப்போதே தொடங்கிவிட்டது.

நார்மானியர் வருகை

1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மண்டியின் வில்லியம், நேராக இலண்டனுக்குச் செல்லவில்லை. முதலில் டோவருக்கு வந்தார். அவருடைய வீரர்கள் ஊரில் தீ வைத்தனர். வில்லியம் எட்டு நாள் அங்கே தங்கி, குன்றின் மேல் இருந்த அரண்களை வலுப்படுத்தியதாக அவர் புகழ் பாடிய வில்லியம் ஆஃப் புவாத்தியே எழுதியுள்ளார். அப்போது எழுந்தவை மண்கரையும் மர வேலியும் கொண்ட அரண்களே. அவற்றில் ஏதும் இன்று மேலே தெரிவதில்லை.

அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1067-இல் வில்லியம் நார்மண்டி சென்றிருந்த வேளையில், பூலோன் பிரபு யூஸ்டாசு கென்ட் மக்களின் துணையோடு கோட்டையைத் தாக்கினார். காவற்படையினர் வெளியே பாய்ந்து அவர்களை விரட்டிவிட்டனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு டோவர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

ஒரு புனிதரும் ஒரு மன்னரின் கூச்சமும்

இன்று டோவர் என்றதும் கண்முன் வரும் மாபெரும் நாற்சதுரக் கோபுரத்தைக் கட்டியவர் மன்னர் இரண்டாம் ஹென்றி. பகைவரைத் தடுக்கக் கட்டினார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 1180-இல் எதிர்க்கரையின் பெரும்பகுதியும் அவருடையதுதான். நார்மண்டி, ஆஞ்சூ, அக்கித்தேன் ஆகிய நாடுகள் அவர் ஆட்சியில் இருந்தன. டோவருக்கு எதிரே படையெடுத்து வரக்கூடிய பெரும்பகை அன்று இல்லை. பிறகு எதற்காக இவ்வளவு செலவு செய்தார்?

விடையைத் தேட 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கேன்டர்பரிக்குப் போக வேண்டும். 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் நான்கு வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் முன்னாளில் ஹென்றியின் நெருங்கிய நண்பர், அமைச்சர். பேராயரான பின் திருச்சபையின் உரிமைகளை முன்னிட்டு மன்னரை எதிர்த்தவர். மன்னர் சினத்தில் சொன்ன சொற்களை ஆணையாக எடுத்துக்கொண்டு அவ்வீரர்கள் சென்றனர் என்பதே பரவலான கருத்து. 1173-இல் திருத்தந்தை பெக்கெட்டுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1174-இல் ஹென்றி கேன்டர்பரிக்கு வெறுங்காலோடு நடந்து சென்று, துறவியரிடம் கசையடி வாங்கித் தவம் செய்தார்.

அத்துடன் விவகாரம் முடிந்துவிடவில்லை. பெக்கெட்டின் கல்லறைக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து யாத்திரிகர் வரத் தொடங்கினர். அவர்களுள் பிரபுக்களும் அரசர்களும் இருந்தனர். கடல் கடந்து வருவோர் இறங்கும் துறை டோவர். 1179-இல் பிரான்சின் மன்னர் ஏழாம் லூயி, நோயுற்ற தன் மகனுக்காக வேண்டிக்கொள்ள இவ்வழியாகவே வந்தார். அதற்குமுன் பிரெஞ்சு மன்னர் எவரும் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்ததில்லை. ஹென்றி விரைந்து டோவர் சென்று அவரை எதிர்கொண்டார். ஆனால் ஒரு மன்னர் மற்றொரு மன்னரைத் தங்கவைத்து உபசரிக்கத் தகுந்த மாளிகை எதுவும் டோவரில் இல்லை. தன்னால் உயிரிழந்த ஒருவரை வணங்கவென்று வந்த விருந்தாளி, தன் வாசலிலேயே தன் வறுமையைக் கண்டுவிட்டால் எப்படி இருக்கும்! பெரிய கோபுரத்தின் வேலை இதையடுத்துத்தான் தொடங்கியது.

1180-களில் இப்பணிக்காக ஹென்றி செலவிட்டது 6,500 பவுண்டுக்கும் மேல். இங்கிலாந்தில் வேறு எந்தத் தனிக் கோட்டைக்கும் அவர் இவ்வளவு செலவிட்டதில்லை. பணியை மேற்பார்த்தவர் மோரிஸ் என்னும் பொறிவல்லார். வடக்கே நியூகாசில் கோட்டைக் கோபுரத்தைக் கட்டியவரும் அவரே. டோவர்க் கோபுரம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 30 மீட்டர் நீளமும் 25 மீட்டர் உயரமும் கொண்டது. சுவர்களின் கனம் சில இடங்களில் 6 மீட்டரைத் தாண்டும். அந்தச் சுவர்களின் உள்ளேயே அறைகளும் படிக்கட்டுகளும் நடைவழிகளும் குடைந்து வைக்கப்பட்டுள்ளன. பாறைக்குள் 100 மீட்டருக்கும் கீழே இறங்கும் கிணற்றின் வாய், அரசர் தங்கும் மேல்தளத்திலேயே திறக்கிறது. அங்கே இறைத்த நீர் ஈயக் குழாய்கள் வழியாக மற்ற இடங்களுக்குப் பாய்ந்தது. முற்றுகையில் தண்ணீரை யாரும் தடுத்துவிட முடியாது என்பதுடன், விருந்தினருக்கு அது ஒரு வியப்பாகவும் இருந்திருக்கும்.

கோபுரத்தின் வடிவமும் இதே செய்தியைச் சொல்கிறது. நாற்சதுரக் கோபுரம் அன்றைக்கே பழைய பாணி. சதுரக் கட்டடத்தின் மூலைகளைத் தோண்டித் தகர்ப்பது எளிது என்பதால் வட்டமும் பன்முகமும் கொண்ட கோபுரங்கள் வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஹென்றி தாமே 1165-க்கும் 1173-க்கும் இடையில் ஆர்ஃபர்டில் பன்முகக் கோபுரம் ஒன்றைக் கட்டியவர். எனவே டோவரில் சதுரத்தைத் தேர்ந்தது அறியாமையால் அல்ல. தன் பாட்டனார் காலத்து நார்மானியப் பேரரச மரபைக் கண்ணுக்குக் காட்டும் வடிவம் அது. நுழைவுப் படிக்கட்டே மூன்று சிறு கோபுரங்களைத் தாண்டி மேலேறி, இரண்டாம் தளத்தில் அரச மண்டபத்தை அடைகிறது. வருபவர் மூச்சு வாங்கி, தலை நிமிர்த்திப் பார்த்து, பிறகுதான் மன்னரைக் காண முடியும். அப்படிக்கட்டின் மேல் முனையில் அழகிய சிற்பவேலையுடன் ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. அது புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரால் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கொலைப் பழி சுமந்தவரே அப்புனிதரைத் தம் வீட்டுத் தெய்வம்போல் ஏற்றுக்கொண்டார்.

இதனால் டோவரைப் பாதுகாப்பற்ற வெறும் அலங்கார மாளிகை என்று எண்ணிவிடக் கூடாது. கோபுரத்தைச் சுற்றிப் பதினான்கு சதுரக் கொத்தளங்கள் கொண்ட உள்மதிலை ஹென்றி எழுப்பினார். அதற்கும் வெளியே இரண்டாவது மதிலின் ஒரு பகுதியையும் தொடங்கிவைத்தார். மதிலுக்குள் மதில் என்னும் அமைப்பு மேற்கு ஐரோப்பாவில் தோன்றிய மிகத் தொடக்கக் காலச் சான்றுகளுள் இது ஒன்றாகும்.

எல்லை மாறுகிறது

1204-இல் எல்லாம் தலைகீழாயிற்று. ஹென்றியின் மகன் ஜான் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் இழந்தார். நேற்றுவரை சொந்த நாடாக இருந்த எதிர்க்கரை பகைநாடாயிற்று. அரச விருந்தினரை வரவேற்கக் கட்டிய கோட்டை ஒரே ஆண்டில் எல்லைக் காவலாக மாறியது. ஜான் பெரும் பொருள் செலவிட்டுப் புறமதிலை நீட்டினார். இம்முறை கொத்தளங்கள் வட்டமாக வளைந்தன. வடக்கு முனையில் இரட்டைக் கோபுரங்களுடன் ஒரு பெரிய வாயில் அமைந்தது. அவ்வாயிலுக்கு எதிரே நிலம் மேடாக உயர்ந்து செல்கிறது. அங்கே நின்று தாக்குபவருக்கு வாயில் கீழே கிடக்கும். கட்டியவர்கள் அதைக் கவனித்தார்களோ இல்லையோ, பகைவர் கவனித்தனர்.

1216 முற்றுகை

1215 ஜூனில் ஜான் மக்னா கார்ட்டா சாசனத்துக்கு இசைந்தார். சில வாரங்களிலேயே அதைத் திருத்தந்தை செல்லாததாக்கினார். சினமுற்ற பிரபுக்கள் ஜானை நீக்கிவிட்டு வேறொருவரை அரியணையில் அமர்த்த முடிவு செய்தனர். அவர்கள் அழைத்தது பிரெஞ்சு மன்னர் பிலிப்பின் மகன் இளவரசர் லூயியை. லூயியின் மனைவி பிளாஞ்ச், இரண்டாம் ஹென்றியின் பேத்தி. உரிமை கோர அந்த உறவு போதுமானதாக இருந்தது.

லூயி 1216 மே மாதம் கென்ட் கரையில் இறங்கினார். ஜூன் தொடக்கத்தில் இலண்டன் அவரை வரவேற்றது. தென்கிழக்கில் டோவரும் வின்ட்சரும் மட்டுமே பணியாமல் நின்றன. டோவர் கைக்கு வராதவரை இங்கிலாந்தில் ஓர் அடி மண்ணும் உன்னுடையதல்ல என்று தந்தை பிலிப் மகனைக் கடிந்துகொண்டதாக அக்காலச் சரித்திரக் குறிப்பு ஒன்று கூறுகிறது. தந்தை சொன்னது சரி. இலண்டனில் அமர்ந்திருக்கும் லூயிக்குப் பிரான்சிலிருந்து ஆளும் பொருளும் வரவேண்டிய கடல்வழியின் மேல்தான் டோவர் கோட்டை அமர்ந்திருந்தது.

கோட்டைக்குள் இருந்தவர் ஹூபர்ட் டி பர்க். உயர்குடிப் பிறப்பில்லாமல், சேவையாலேயே உயர்ந்தவர். அவரிடம் சுமார் 140 குதிரைவீரர்களும் அவர்களுடைய ஆட்களும் இருந்தனர். ஜூலையில் லூயி வடக்கு மேட்டில் பாளையம் இறங்கினார். முதலில் வாயிலுக்கு முன்னே இருந்த மரவேலி அரண் விழுந்தது. அடுத்து லூயியின் சுரங்கக்காரர்கள் வேலையைத் தொடங்கினர்.

டோவர்க் குன்று முழுதும் சுண்ணப்பாறை. அது குடைவதற்கு எளிது, சட்டென்று சரியவும் செய்யாது. மதிலுக்கு அடியில் குடைந்து, மேலே உள்ள எடையை மரத்தூண்களால் தாங்கவைத்து, பிறகு தூண்களுக்குத் தீயிடுவது அக்கால முறை. தூண்கள் எரிந்ததும் மதில் தன் பாரத்தாலேயே இடிந்து விழும். அவ்வாறே வாயிலின் இரட்டைக் கோபுரங்களுள் ஒன்று சரிந்தது. பிரெஞ்சுப் படை இடிபாட்டின் மேலேறி உள்ளே பாய்ந்தது. தமிழ் மரபில் நொச்சி என்று பாடப்படும் மதில்காவலின் கடைசிக் கட்டம் இது. மதில் இல்லாத இடத்தில் ஆட்களே மதிலாக நிற்க வேண்டும். ஹூபர்ட்டின் வீரர்கள் அப்படியே நின்றனர். நுழைந்தவர்களை வெளியே தள்ளி, பிளவை மரக்கட்டைகளாலும் உத்தரங்களாலும் அடைத்தனர்.

அக்டோபரில் இருதரப்பும் தற்காலிகப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. அதே மாதம் ஜான் நோயுற்று நியூவார்க்கில் இறந்தார். அடுத்த மன்னர் அவருடைய ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி. உன் மன்னர் இறந்துவிட்டார், கோட்டையைக் கொடு என்று லூயி கேட்டபோது, மன்னருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஹூபர்ட் விடையளித்ததாகச் சொல்வர். வெறுப்புக்குரிய ஜான் மறைந்து, குற்றமற்ற ஒரு சிறுவன் அரியணை ஏறியதும் பிரபுக்களுள் பலர் லூயியை விட்டு விலகத் தொடங்கினர். டோவர் தாக்குப்பிடித்த மாதங்களின் பயன் இங்கேதான் தெரிகிறது. அது கோடையிலேயே விழுந்திருந்தால், ஜான் இறக்கும்போது திரும்பி வருவதற்குப் பிரபுக்களுக்கு ஓர் அரசு மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

1217 மே மாதம் லூயி கல்லெறி பொறியுடன் மீண்டும் டோவரை முற்றுகையிட்டார். இதற்காகத் தம் படையை இரண்டாகப் பிரித்தார். மறுபாதி லிங்கன் நகரில் மே 20 அன்று படுதோல்வி அடைந்தது. லூயி முற்றுகையைக் கைவிட்டு இலண்டனுக்கு விரைந்தார். அவருக்கு உதவியாகப் பிரான்சிலிருந்து புறப்பட்ட கப்பற்படையை ஆகஸ்ட் 24 அன்று சாண்ட்விச் அருகே கடலில் எதிர்கொண்டவரும் ஹூபர்ட் டி பர்க்தான். ஆங்கிலேயர் காற்று வீசும் பக்கமாகச் சுற்றிவந்து, சுண்ணாம்புத் தூளைக் காற்றில் தூவி எதிரிகளின் கண்ணைக் குருடாக்கினர். பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் யூஸ்டாசு என்பவர், முன்னாள் துறவி, பின்னாள் கடற்கொள்ளையர், கப்பலிலேயே தலை துண்டிக்கப்பட்டார். செப்டம்பரில் லூயி உடன்படிக்கை செய்துகொண்டு நாடு திரும்பினார்.

முற்றுகை கற்பித்த பாடத்தை ஹூபர்ட் கல்லில் எழுதிவைத்தார். இடிந்த வடக்கு வாயில் நிரந்தரமாக அடைக்கப்பட்டது. அது இன்றும் அடைத்தபடியே நிற்கிறது. அதற்கு முன்னே அகழியில் ஒரு கோபுரமும், மேட்டின் மீது ஒரு மண் அரணும் எழுந்தன. இவற்றைக் கோட்டையோடு இணைக்கச் சுண்ணப்பாறையில் சுரங்கப் பாதைகள் குடையப்பட்டன. பகைவர் கையாண்ட அதே உத்தியைக் காவலர் தமதாக்கிக்கொண்டனர். பார்வையாளர்கள் இப்போதும் அச்சுரங்கங்களில் நடந்து செல்லலாம். மேற்குச் சரிவில், எவரும் எளிதில் அணுக முடியாத இடத்தில், 1220-களில் புதிய தலைவாயில் கட்டப்பட்டது. பல கோபுரங்கள் ஒன்றாகச் சேர்ந்த அவ்வாயில், கோட்டைத் தளபதியின் வீடாகவும் அமைந்தது.

எலினாரின் கோட்டை

டோவரைக் காத்தவர்கள் பட்டியலில் வழக்கமாக ஆண்களின் பெயர்களே இடம்பெறுகின்றன. 1265-இல் இதைப் பிடித்து வைத்திருந்தவர் ஒரு பெண். எலினார், மூன்றாம் ஹென்றியின் தங்கை. மன்னரை எதிர்த்துக் கிளர்ந்த சீமோன் டி மான்ட்ஃபர்ட்டின் மனைவி. அவ்வாண்டு ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாம் போரில் கணவரும் மூத்த மகனும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். எலினார் அப்போது டோவரில் இருந்தார். அவருடைய வீட்டுச் செலவுக் கணக்குச் சுருள் ஒன்று அதே ஆண்டுக்குரியது, இன்றும் கிடைக்கிறது. எத்தனை மீன், எவ்வளவு தானியம், எத்தனை குதிரைகளுக்குத் தீனி என்று நாள்தோறும் எழுதிய அக்கணக்கு, போர்களைப் பற்றிய எந்தக் காவியத்தையும்விட அந்தக் கோட்டைக்குள் நடந்த வாழ்க்கையை நெருக்கமாகக் காட்டுகிறது. அக்டோபரில் அண்ணன் மகன் எட்வர்ட் கோட்டையை முற்றுகையிட, கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டிருந்தவர்களும் உள்ளிருந்தே எழுந்தனர். எலினார் பணியாட்களுக்கு மன்னிப்புப் பெற்றுக்கொண்டு கோட்டையை ஒப்படைத்தார். பின் பிரான்சுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை.

பீரங்கிக் காலம்

பீரங்கி வந்தபின் உயர்ந்த மதில்களுக்கு மதிப்புக் குறைந்தது. எட்டாம் ஹென்றி குன்றின் அடிவாரத்தில் கடலைப் பார்த்துப் பீரங்கி மேடை ஒன்றை அமைத்தார். அவருக்குப் பரிசாக வந்த, 1544-இல் நெதர்லாந்தின் உத்ரெக்டில் வார்த்த ஏழு மீட்டர் நீளமுள்ள வெண்கலப் பீரங்கி இன்றும் டோவரில் இருக்கிறது. இதற்கு எலிசபெத் அரசியின் சட்டைப்பைத் துப்பாக்கி என்று கேலிப்பெயர் வழங்குகிறது.

1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஓர் இரவில் நாடாளுமன்ற ஆதரவாளர் சிலர் கடற்பக்கக் குன்றைப் பிடித்தேறி, குறைந்த ஆட்களே இருந்த கோட்டையை ஒரு குண்டும் சுடாமல் கைப்பற்றினர். பார்ப்பதற்கு இது டோவரின் வரலாற்றிலேயே மானக்கேடான நிகழ்ச்சி. ஆனால் கோட்டைக்குக் கிடைத்த பெரிய நல்வாய்ப்பும் இதுவே. அரசர் பக்கம் நின்று போரிட்ட கார்ஃப் கோட்டை 1646-இல் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. கெனில்வொர்த் கோட்டையும் சில ஆண்டுகளில் அதே கதியை அடைந்தது. தொடக்கம் முதலே நாடாளுமன்றத்தின் கையில் இருந்த டோவரைத் தகர்க்க எவருக்கும் காரணம் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றியின் அரச மண்டபங்களில் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் சுவரில் கீறிய பெயர்களும் ஆண்டுகளும் இன்றும் உள்ளன.

நெப்போலியன் படையெடுப்பார் என்ற அச்சம் எழுந்தபோது கோட்டை மீண்டும் உருமாறியது. பொறியியல் தளபதி வில்லியம் டுவிஸ் தலைமையில் இடைக்காலக் கொத்தளங்கள் பலவற்றின் தலை வெட்டப்பட்டது. பீரங்கிகள் சுடுவதற்கு அவை மறைப்பாக இருந்தன என்பதே காரணம். பெரிய கோபுரத்தின் மரக்கூரை நீக்கப்பட்டு, பீரங்கிகளின் பாரத்தைத் தாங்கும் செங்கல் வளைவுக் கூரை போடப்பட்டது. வீரர்களுக்குத் தங்குமிடம் போதாமல் போகவே, கடலை நோக்கிய பாறைக்குள் நீண்ட சுரங்கக் கூடங்கள் குடையப்பட்டன. 1803 முதல் அவற்றில் வீரர்கள் குடியேறினர். உச்சத்தில் 2,000 பேர் வரை அங்கே வாழ்ந்தனர். ஈரமும் புழுக்கமும் நிறைந்த வாழ்க்கை அது. படையெடுப்பு வரவேயில்லை. போர் முடிந்தபின் சில ஆண்டுகள் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் கடற்காவலர் அவற்றைப் பயன்படுத்தினர். பிறகு நூறாண்டுக்கும் மேல் அவை வெறுமையாகக் கிடந்தன.

1940, பாறைக்குள்

அந்தக் கூடங்களுக்கு வேலை வந்தது இரண்டாம் உலகப்போரில். துணை அட்மிரல் பெர்ட்ரம் ராம்சே தம் தலைமையகத்தை அங்கே அமைத்துக்கொண்டார். 1940 மே மாதம் செருமானியப் படைகள் பிரான்சுக்குள் பாய்ந்து, பிரித்தானியப் படையையும் அதன் கூட்டாளிகளையும் டன்கர்க் கடற்கரையில் நெருக்கின. அவர்களை மீட்கும் திட்டம் டைனமோ நடவடிக்கை எனப் பெயர் பெற்றது. சுமார் 45,000 பேரைக் காப்பாற்ற முடிந்தாலே போதும் என்பது தொடக்க மதிப்பீடு. மே 26 முதல் ஜூன் 4 வரை, போர்க்கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் படகுகளும் சேர்ந்து 3,38,226 பேரைக் கரைசேர்த்தன. எந்தக் கப்பல் எந்த வழியில் செல்வது, கண்ணிவெடிகளைத் தவிர்ப்பது எப்படி, வருபவர்களை எந்தத் துறையில் இறக்குவது என்பவை எல்லாம் டோவர்ப் பாறைக்குள் இருந்த சில அறைகளில் தொலைபேசிகளின் நடுவே முடிவாயின. மீட்கப்பட்டவர்களுள் பிரித்தானிய இந்தியாவிலிருந்து சென்ற கோவேறு கழுதைப் படையினரும் இருந்தனர்.

பிரான்சு வீழ்ந்தபின் செருமானியப் பீரங்கிகள் எதிர்க்கரையிலிருந்தே டோவர் நகரைச் சுடத் தொடங்கின. சுரங்கங்கள் மேலும் விரிந்தன. 1941-இல் ஒரு தளத்தில் மருத்துவமனை அமைந்தது. அதற்குப் பின் இன்னும் ஆழமாக மற்றொரு தளம் குடையப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் அந்த ஆழ்தளம் அணுகுண்டுப் போர் மூண்டால் அப்பகுதியை ஆள்வதற்கான இரகசிய நிருவாக மையமாக ஒதுக்கப்பட்டது. சுண்ணப்பாறை நீரை உறிஞ்சக்கூடியது, கதிரியக்கம் கலந்த நீர் கசிந்து வந்தால் உள்ளே இருப்பவர்களின் நிலை என்ன என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்ததாகத் தெரியவில்லை. 1980-களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பாதுகாப்பும் காட்சியும்

1958-இல் படைப்பிரிவு கோட்டையை விட்டு வெளியேறியது. 1963-இல் அது பணித்துறை அமைச்சகத்திடம் வந்தது. இன்று இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அதை நிருவகிக்கிறது. போர்க்காலச் சுரங்கங்களின் ஒரு பகுதி 1990 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. ஆழ்தளம் பொதுப் பார்வைக்கு இல்லை.

2009-இல் பெரிய கோபுரத்தின் உள்ளே இரண்டாம் ஹென்றி காலத்து அரண்மனை 24.5 இலட்சம் பவுண்டு செலவில் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது. வண்ணம் தீட்டிய மரக்கட்டில்கள், தையல் ஓவியத் திரைகள், சிவப்பும் நீலமும் பச்சையும் பளிச்சிடும் இருக்கைகள் அறைகளை நிரப்பின. இடைக்காலக் கோட்டை என்றால் கறுத்த கல்லும் குளிர்ந்த இருட்டும்தான் என்று எண்ணி வருபவர்களுக்கு அந்த வண்ணங்கள் கண்ணைக் கூசுகின்றன. அவற்றுள் எதுவும் பழைய பொருள் அல்ல. அக்காலத்து ஓவியங்களையும் பிற இடங்களில் எஞ்சிய பொருள்களையும் ஒப்பிட்டுப் புதிதாகச் செய்தவை. வெறுஞ்சுவரையே விரும்புவோர் இதை நாடக மேடை என்று குறை சொல்லலாம். ஆயினும் விருந்தினரை வியக்கவைக்கவென்றே எழுந்த கட்டடத்தை, அதன் வியப்பை முற்றிலும் நீக்கிவிட்டுக் காட்டுவது அதைவிட உண்மையானதாக இருக்காது.

சாக்சனியத் தேவாலயத்தின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது கூரையிழந்து, படைகளின் நிலக்கரிக் கிடங்காகக் கிடந்தது. 1862-இல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் அதைப் புதுப்பித்தார். 1880-களின் இறுதியில் வில்லியம் பட்டர்ஃபீல்ட் கோபுரத்தை முடித்து, உட்சுவர்களில் வண்ண ஓடுகளைப் பதித்தார். தமக்கு முன்பிருந்த எளிமையை அவ்வலங்காரம் மறைத்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஹூபர்ட் டி பர்க் கட்டிய தளபதியின் வாயிலும் வெறும் காட்சிப்பொருளாகிவிடவில்லை. கோட்டைத் தளபதி பதவி நெடுங்காலமாகச் சிங் துறைமுகங்களின் காவலர் என்னும் பட்டத்தோடு இணைந்தது. வெலிங்டன் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சில், அரசியன்னை எலிசபெத் ஆகியோர் அதை வகித்தனர். அது இன்று பெரும்பாலும் மரியாதைப் பதவியே. ஆனால் துணைத் தளபதியின் இல்லம் இப்போதும் அவ்வாயிலுக்குள்தான் இருக்கிறது.